மூன்றாவது குழாய்

ஜூன் 9, ஞாயிறு

சரக்கு வந்த தேதி, போன தேதி தவிர வேறு எதையும் நான் எழுதிவைத்தவன் இல்லை. இன்று முதல் வீட்டில் நடப்பதையும் எழுதப் போகிறேன். கொஞ்ச காலமாக இங்கே எல்லாரும் பேச்சை மாற்றுகிறார்கள். ‘அதான் அப்பவே சொன்னேனே’ என்கிறார்கள். சொல்லியிருக்க மாட்டார்கள். எழுத்தில் இருந்தால் தப்ப முடியாது.

விஷயம் இதுதான். என் மகள் ஜெயமலர் டாக்டருக்குப் படித்து முடித்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருக்கிறாள். இளைப்பு நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் விசில் மாதிரி ஒரு சத்தம் வருமாம். கூடப் படித்தவர்களுக்குக் கேட்கிறது, இவளுக்குக் கேட்கவில்லை. காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் கூர்மையான சத்தங்களைக் கேட்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது, வம்சத்தில் வருவதாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு வயது இருபத்து நான்கு.

வம்சம் என்றதும் நான் என் மனைவி புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் அண்ணனுக்குக் காது கேட்காது.

“எங்கண்ணனுக்கு ஏழு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து காது போச்சு. அது வம்சமா?” என்றாள்.

“காய்ச்சல் ஊருல எத்தன பேருக்கு வந்துச்சு. அவனுக்கு மட்டும் ஏன் போகணும்?”

என் பக்கத்தில் அப்படி யாரும் கிடையாது. என் அப்பா கடைசி வருடங்களில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அது திமிர்.

ஜூன் 13, வியாழன்

சாத்தூர்ப் பக்கமிருந்து சம்பா மிளகாய் வத்தல் நாற்பது மூட்டை. கொண்டுவந்தவன் வாய் ஓயாமல் பேசினான். நான் பேச்சைக் கேட்பதில்லை. குத்தூசியை மூட்டையின் நடுவயிற்றில் இறக்கி உருவினால் உள்ளே இருப்பது கைக்கு வந்துவிடும். மேலே சிவப்பு, நடுவில் வெள்ளைச் சொத்தை. திருப்பி அனுப்பினேன்.

மத்தியானம் மதுரை யாவாரியோடு துண்டுக்குள் விலை. இரண்டு பேர் கையும் துண்டுக்கு அடியில். முதலில் பத்துக்கு இத்தனை விரல், விட்டுப் பிடித்தால் ஒன்றுக்கு இத்தனை விரல். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முழுக் கையையும் சேர்த்து அழுத்தினால் வியாபாரம் முடிந்தது. இருபத்தாறு வயதுவரை நான் ஒரு மண்டியில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டு, போனில் விலை கேட்டு எழுதும் வேலை பார்த்தவன். ஒருநாள் விட்டுவிட்டேன். போனில் பேசுகிறவன் முகம் தெரியாது, முகம் தெரியாதவனோடு எனக்கு ஒத்துவராது. அன்றிலிருந்து விரல்தான். விருதுநகரில் அதில் என்னை ஜெயித்தவன் இல்லை. ஜெயமலர் சின்னவளாக இருந்தபோது அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தேன். மிட்டாய் வேண்டுமென்றால் துண்டைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

ஜூன் 16, ஞாயிறு

காது டாக்டர் சொல்லி, சென்னை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மிருதுளா என்று ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பேசும்போது முகத்தை நேராகப் பார்த்துப் பேசுகிறாள். அது ஒன்று பரவாயில்லை.

ஜெயமலர் ரத்தத்தை அவர்கள் முன்னமே பார்த்துவிட்டார்களாம். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்.

“மனுசங்களோட மரபணு பெரும்பாலானதுக்கு எலியில ஒரு ஜோடி இருக்கு சார். எட்டுக் கோடி வருசத்துக்கு முன்னாடி ரெண்டுக்கும் ஒரே மூதாதை. இவங்களுக்கு மாறியிருக்கிற மரபணுவோட ஜோடி எலிக்கும் காதுலதான் வேலை செய்யுது. அது கெட்டுப்போன எலிங்க எங்ககிட்ட இருக்கு. பிறந்தப்போ கேக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும்.”

“அப்ப எலி நமக்குப் பங்காளி” என்றேன். அவள் சிரித்தாள். புஷ்பம் சிரிக்கவில்லை.

எனக்குப் புரியாமல் இல்லை. முண்டு வத்தலும் சம்பா வத்தலும் பார்க்க வேறு. விதையைப் பிளந்தால் ஒரே ஜாதி. ஆனால் குடோனில் எலிக்குப் பொறி வைத்தே வயது போனவன் நான், என் மகளை எலியோடு சேர்த்துவைத்துப் படிப்பதை எப்படிச் சகிப்பது?

“உங்களுக்கு இதுல என்ன லாபம்?” என்று நேராகவே கேட்டேன்.

“அந்த மாற்றம் அப்பாகிட்ட இருந்து வந்ததா, அம்மாகிட்ட இருந்து வந்ததான்னு தெரிஞ்சாத்தான் அதுதான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியும். யாருகிட்ட இருந்து வந்ததோ அவங்க காது எப்படி இருக்குன்னு பார்த்தா, இவங்களுக்கு இனிமே எவ்வளவு வேகமாப் போகும்னும் ஓரளவு சொல்லலாம்.”

நான் லாபத்தைக் கேட்டேன். அவள் அதைச் சொல்லவில்லை. ஓசியில் ஒருத்தர் இவ்வளவு தூரம் வந்து போவாரா?

எச்சில் துப்பி அனுப்ப மூன்று குழாய் கொடுத்தாள். ஒன்றாவது ஜெயமலருக்கு, இரண்டாவது புஷ்பத்துக்கு, மூன்றாவது எனக்கு. துப்பி, மூடியைத் திருகி, கூரியரில் போட வேண்டும். அவ்வளவுதான்.

“உங்களுக்குக் காது எப்படி சார்?”

“சுத்தமாக் கேக்கும்” என்றேன்.

ஜூன் 17, திங்கள்

தாயும் மகளும் காலையிலேயே துப்பி வைத்துவிட்டார்கள். நான் கடையில் வெறும் வயிற்றோடு துப்புவதாகச் சொல்லிக் குழாயை எடுத்துப்போனேன்.

குடோன் மூட்டைக்காரன் பொன்னாண்டி முப்பது வருடமாக என்னிடம் இருக்கிறான். குழாயை நீட்டினேன்.

“இதுல துப்புடா.”

“எதுக்கு மொதலாளி?”

“துப்புடா, சொல்றேன்.”

துப்பினான். நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

புது புரோக்கர் யார் வந்தாலும் முதல் லோடில் வேறொருத்தர் காட்டில் விளைந்த சரக்கு ஒரு மூட்டையைச் சொருகி அனுப்புவது என் வழக்கம். நாணயமானவன் என்றால், ‘அண்ணாச்சி, இது உங்க சரக்கு இல்ல’ என்று ஆள் அனுப்புவான். திருடன் என்றால் வாயை மூடிக்கொண்டு விற்றுவிடுவான். முப்பது வருடமாக இந்தச் சோதனை பொய்த்ததில்லை. இந்த மிருதுளா எந்த ரகம் என்று பார்ப்போம். நாணயம் தெரிந்த பிறகு என் சொந்த எச்சிலைத் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

காரணம் இது மட்டும்தான். எழுதிவைக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

பொன்னாண்டி மல்லி மூட்டை அடுக்கின் பக்கமே போக மாட்டேன் என்கிறான். உள்ளே எலி குட்டி போட்டிருக்கிறதாம்.

“கீச்சு கீச்சுன்னு கத்துதே மொதலாளி, ஒங்களுக்குக் கேக்கல?”

பக்கத்தில் போய் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. வேலைக்குச் சோம்பல்பட்டுக் கதை விடுகிறான் என்று சத்தம் போட்டேன். நாலு மூட்டையை நகர்த்தினால் ஆறு குட்டி, சிவப்பாக, கண் திறக்காமல். பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.

ஜூலை 19, வெள்ளி

ஒரு மாதம் ஆயிற்று. ‘இது உங்க சரக்கு இல்ல’ என்று எனக்கு ஒரு தகவலும் இல்லை. நான் நினைத்த ரகம்தான்.

ஜெயமலர் இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். சாப்பிடும்போது சென்னையிலிருந்து அவளுக்குப் போன். எச்சில் கையோடு எழுந்து மாடிக்குப் போனாள். இறங்கி வர அரைமணி. சோறு காய்ந்துவிட்டது.

“யாரு?”

“ஃப்ரெண்டு” என்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

அடுப்படியில் தாயும் மகளும். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

ஜூலை 23, செவ்வாய்

புஷ்பம் என்னோடு பேசவில்லை. மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து இப்படி.

ஜூலை 28, ஞாயிறு

இன்றும் பேசவில்லை. தட்டை வைக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது. வேண்டுமென்றே வைக்கிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சென்னையிலிருந்து சோதனை முடிவு வந்தாயிற்று. கோளாறு புஷ்பம் பக்கத்திலிருந்துதான் என்று தெரிந்துவிட்டது. மகள் அதைத் தாயிடம் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் காய்ச்சல் காய்ச்சல் என்று சாதித்தவளால் என் முகத்தில் முழிக்க முடியவில்லை. எனக்குச் சங்கடம்தான். ஆனாலும் நான் முதலிலேயே சொன்னேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. பொன்னாண்டி எச்சிலை வைத்துக்கொண்டு எப்படி முடிவு சொன்னார்கள்? அப்படியென்றால் மொத்தமும் பொய். பொய்யை நம்பி இவள் வாடுகிறாளா?

இன்று வந்த ஜெயமலர் எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறாள். பிறகு என் பக்கத்தில் வந்து என் கையை எடுத்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் விரலைப் பக்கத்தில் வைத்தாள்.

“என்னடி, ஜோசியமா?”

“ஒண்ணுமில்லப்பா.” கண் கலங்கியிருந்தது.

இவர்கள் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். எனக்கு ஏதும் பெரிய வியாதியா? நான்தான் குழாயில் துப்பவே இல்லையே.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மிருதுளாவிடமிருந்து கடிதம். மூன்று பேரும் நேரில் வர வேண்டுமாம். சரி, போகலாம். ஆனால் நான் ஒரு நிபந்தனை போட்டு ஜெயமலர் மூலமாகச் சொல்ல வைத்தேன். அந்த எலியை நான் கண்ணால் பார்க்க வேண்டும். மாதிரியைப் பார்க்காமல் நான் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள், சென்னை

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, மேலே ஓர் அங்கி. தோள் துண்டைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அதற்கு மேல் அங்கியைப் போட்டுவிட்டார்கள். எலிகள் இருக்கும் பெரிய கூடத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லையாம். பக்கத்துச் சின்ன அறைக்கு இரண்டே எலியைக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு ஒரு கறுப்பு எலி. என் குடோன் எலியைவிடச் சுத்தம்.

“இடது பக்கம் சாதாரண எலி. வலது பக்கம், ஜெயமலருக்கு மாறியிருக்கிற அதே மரபணு கெட்டுப்போன எலி” என்றாள் மிருதுளா. “இந்தப் பொத்தானை அமுக்கினா ஒரு சத்தம் வரும். நமக்கும் கேக்கிற சத்தம்தான். கேக்கிற எலி காதைப் பின்னால இழுக்கும்.”

தீப்பெட்டி அளவு ஒரு கருவி. அமுக்கினாள். இடது எலி சட்டென்று காதை இழுத்தது. வலது எலி மீசையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

“என்னம்மா, பெட்டி ரிப்பேரா? சத்தமே வரலையே” என்றேன்.

புஷ்பம் கையைக் காதிலிருந்து எடுத்தாள்.

மறுபடி அமுக்கினாள். இடது எலி காதை இழுத்தது. வலது எலி துடைத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சூட்சுமம் பிடிபட்டது. சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. இடது எலி அவள் விரல் அசைவதைப் பார்க்கிறது. பழக்கிவைத்திருக்கிறார்கள்.

அங்கிக்குள்ளிருந்து துண்டை உருவி அவள் கைமேல் போட்டேன். “இப்ப அமுக்குங்க. எப்ப அமுக்குறீங்கன்னு எலிக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது.”

அவள் சிரிக்கவில்லை. “சரி சார்” என்றாள்.

நான் எலியை மட்டும் பார்த்தேன். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது எலி காதை இழுத்தது. மறுபடி சும்மா இருந்தது. மறுபடி இழுத்தது. பெட்டிக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் புஷ்பத்தின் முகம் தெரிந்தது. எலி காதை இழுக்கும்போதெல்லாம் அவள் இமை அடித்தது. எலி அவளைப் பார்க்கவில்லை. அவளாலும் துண்டுக்குள் பார்க்க முடியாது. ஏழு தடவை எண்ணினேன். ஏழு தடவையும் இரண்டும் ஒரே நேரம்.

எலியும் புஷ்பமும் முன்கூட்டிப் பேசிவைத்திருக்க வழியில்லை.

வலது எலி அப்போதும் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஜெயமலர் எலிகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டை எடுத்து மடித்தேன்.

பிறகு மிருதுளாவின் அறையில் உட்கார்ந்தோம். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்து, நினைவு வந்ததுபோல நிமிர்ந்து என் முகத்துக்கு நேராகப் பேசினாள்.

“சார், உங்க குழாய் இங்க வந்த பிறகு எங்ககிட்ட ஏதோ மாறியிருக்கணும். தப்பு எங்களோடதா இருக்கலாம். தயவுசெஞ்சு இன்னொரு தடவை மாதிரி கொடுங்க. வேற ஒண்ணுமில்ல.”

என் கடையில் மூட்டை மாறினால் நான் லாரிக்காரன் தலையில் போடுவேன். செய்யாத தப்பைத் தன் தலையில் இழுத்துப்போட்டுக்கொள்ளும் யாவாரியை நான் பார்த்ததில்லை. எதற்காக இவள் இதைச் செய்கிறாள்? திரும்பிப் பார்த்தேன். புஷ்பம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஜெயமலர் தலை குனிந்திருந்தது. மடியில் தன் விரல்களை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு காட்டுச் சரக்கைச் சொருகினால் புரோக்கர், ‘இது உங்க காட்டுச் சரக்கு இல்ல’ என்பான். இவர்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், என்னிடம் அல்ல, போன் எடுக்கிறவளிடம். அப்பா என்று அனுப்பிய எச்சிலுக்கும் மகளுக்கும் சம்பந்தமில்லை என்றால் டாக்டருக்குப் படித்த பிள்ளை என்ன நினைக்கும்? யாரைப் போய்க் கேட்கும்?

முப்பது வருடம் மூட்டை மாற்றியிருக்கிறேன். எந்த மூட்டைக்கும் தாய் கிடையாது.

“அது என் எச்சில் இல்ல” என்றேன்.

ஜெயமலர் தலையைத் தூக்கினாள்.

“குடோன் பொன்னாண்டியோடது. நீங்க நாணயமானவங்களான்னு பாக்க நான்தான் மாத்தி அனுப்புனேன்.”

ஜெயமலர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “மூணு வாரம்ப்பா” என்றாள். கையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னாள், எனக்கு விளங்கும்படி. “மூணு வாரமா நான் கண்ணாடியில யார் மூஞ்சின்னு தேடிக்கிட்டு இருந்தேன்.”

புஷ்பம் மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள். “எம்மக என்னைய ஒரு கேள்வி கேட்டா. இருபத்தேழு வருசம் ஒங்களோட குடும்பம் நடத்துனவள. நீங்க ஏதாவது தில்லுமுல்லு செஞ்சிருப்பீகன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அத எம்புட்டுப் பேருகிட்ட நிரூபிக்க? நீங்களாச் சொல்லட்டும்னுதான் வாயப் பொத்திட்டு இருந்தேன்.”

மிருதுளா கோபப்படமாட்டாள் என்று நினைத்தேன். பட்டாள். ஆனால் வேறு விஷயத்துக்கு.

“அந்தப் பொன்னாண்டிகிட்ட சொன்னீங்களா, எதுக்குன்னு?”

“இல்ல.”

“அப்போ அவரோட சம்மதம் இல்லாம அவர் உடம்பைப் படிச்சிருக்கோம் சார். எங்களை அப்படிப் பண்ண வச்சுட்டீங்க. அவர் மாதிரி, தகவல் எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சிடறோம். நீங்க போய் அவர்கிட்ட சொல்லணும்.”

இவர்கள் திருடர்களா என்று பார்க்கத்தான் நான் கிளம்பினேன். சொல்லாமல் எடுத்தவன் என்று அந்த அறையில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். பொன்னாண்டியிடம் சொல்ல வேண்டும்.

புதுக் குழாய் வந்தது. மூன்று பேர் முன்னாலும் துப்பினேன். வாய் காய்ந்திருந்ததால் வெகுநேரம் பிடித்தது.

“சார், இப்பவாவது சொல்லுங்க. காது எப்ப இருந்து கஷ்டமா இருக்கு?” என்றாள் மிருதுளா. “உங்ககிட்ட இருந்து வந்திருந்தா, உங்களுக்கு ஆரம்பிச்சு எத்தன வருசம் ஆச்சுங்கிறது ஜெயமலருக்கு ரொம்ப முக்கியம். நிறைய வருசம்னா மெதுவாப் போகுதுன்னு அர்த்தம்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏழு தடவை எண்ணியவன் நான்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய், பகல் ரயில்

விழுப்புரம் தாண்டி எழுதுகிறேன். புஷ்பம் எதிர் சீட்டில் தூங்குகிறாள், அல்லது கண்ணை மூடியிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் முன்பு ஜெயமலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். விரித்து என் கைமேல் போட்டு, அடியில் தன் கையை விட்டாள். பதினைந்து வருடம் இருக்கும் அவள் அப்படிச் செய்து. முகத்தை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“எத்தன வருசம்ப்பா?”

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். அவள் மறு கையால் அதைத் தன் பக்கம் திருப்பினாள்.

“கூட்டிச் சொல்லக் கூடாது. எனக்காகவும் கூட்டக் கூடாது.”

நான் யோசித்துக்கொண்டிருந்ததும் அதுதான். பெரிய எண் சொன்னால் அவளுக்கு நல்லது. விலையை ஏற்றிப் பிடிக்க எனக்குத் தெரியாதா? ஆனால் ஏற்ற வேண்டிய தேவை இல்லை. ஒரு டிரங்க் காலில் எதிராளி சொன்ன விலை மூன்று தடவை கேட்டும் விளங்காமல், ரிசீவரை வைத்துவிட்டு வேலையை விட்டுவிட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் விரல்களில் மூன்றைப் பிடித்தேன். விட்டேன். இரண்டைப் பிடித்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். புது யாவாரியை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி, கண், வாய், கழுத்து நரம்பு எல்லாம். என்னை இன்னொருத்தர் அப்படிப் பார்த்து நான் உட்கார்ந்திருந்ததில்லை. நம்பாவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை. அவள் எங்கே போய் மாதிரி எடுத்துப் பார்ப்பாள்?

“அப்போ இருபத்தாறு வயசுல” என்றாள். அவள் உதட்டில் பார்த்தேன்.

தலையை ஆட்டினேன்.

“முப்பத்திரண்டு வருசம் கழிச்சும் இந்த அளவுக்குக் கேக்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கணக்குப் போடுகிறாள். புஷ்பம் கண் திறந்திருந்தாள். எத்தனை விரல் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

துண்டுக்குள் ஜெயமலர் கை சிறிது நேரம் அப்படியே கிடந்தது. பிறகு என் கை முழுவதையும் சேர்த்து அழுத்தினாள்.